கீவ், 49-வது நிமிடம்: ஒரு ஜெர்மன் கோல்கீப்பரின் நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

2018 மே 26 அன்று கீவ் நகரின் ஒலிம்பிக் மைதானத்தில், ஐரோப்பிய கிளப் கால்பந்தின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில், ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் 3-1 என்று இங்கிலாந்தின் லிவர்பூலை வென்றது. மாட்ரிட் போட்ட மூன்று கோல்களில் இரண்டு, லிவர்பூல் கோல்கீப்பரின் தவறால் விழுந்தவை. ஆட்டம் பார்த்தவர்களுக்கு இவ்வளவுதான் நினைவிருக்கும். ஒன்பது நாள் கழித்து வந்த மருத்துவ அறிக்கையைப் பற்றிக் கேட்டால், "ஆமாம், ஏதோ சாக்கு சொன்னார்களே" என்பார்கள்.

அந்த "சாக்கு" என்ற சொல் உறுத்தியதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தலையில் அடிபட்ட ஒருவர் ஆட்டத்தைத் தொடர்ந்தார். யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை. அடுத்த 34 நிமிடங்களில் அவருடைய வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்த இடைவெளியில் யார் என்ன பார்த்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்பதை வரிசையாக எழுதிப் பார்த்தால், பள்ளி மைதானத்தில் விசில் ஊதுகிறவருக்கும் உபயோகப்படும்.

நிகழ்வில் வருபவர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். யார் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, ஒளிப்பதும் நோக்கமில்லை. பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அந்தப் பழைய வீடியோ மனதில் ஓட ஆரம்பித்துவிடும், கூடவே தீர்ப்பும் வந்து நின்றுவிடும். அது வேண்டாம் என்பதற்காகத்தான்.

பின்னணி

கோல்கீப்பர் 1993-ல் தெற்கு ஜெர்மனியில் பிறந்தவர். ஸ்டுட்கார்ட்டின் இளையோர் அணிகளில் வளர்ந்து, பதின்ம வயதிலேயே இங்கிலாந்து போய் மான்செஸ்டர் சிட்டியின் இளையோர் பிரிவில் இருந்து, பிறகு ஜெர்மனிக்குத் திரும்பி மைன்ஸ் அணியில் சேர்ந்தார். 2012 டிசம்பரில் அணியின் முதல் கோல்கீப்பர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டஸ்லிகாவில் முதல் ஆட்டம் ஆடினார். அப்போது வயது 19. நாலு வருடத்தில் அந்த அணியின் அசைக்க முடியாத கோல்கீப்பர் ஆனார். 2015-16-ல் மைன்ஸ் ஆறாவது இடத்தில் முடித்தது. அந்த சீசன் முடிந்ததும் லிவர்பூல் அவரை 47 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அந்தச் சந்தையில் அது சல்லிசான விலை.

லிவர்பூலில் தொடக்கமே சரியில்லை. 2016 ஜூலையில், சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்திலேயே கை எலும்பு முறிந்தது. குணமாகி வந்து இடம்பிடித்தார். டிசம்பரில் போர்ன்மவுத்திடம் அணி 4-3 என்று தோற்ற ஆட்டத்தில் கடைசி கோல் அவர் கையிலிருந்து நழுவிய பந்தில் விழுந்தது. டிவி விமர்சகர்கள் கிழித்தார்கள். சீக்கிரமே பெஞ்சுக்குப் போனார். ஒரு வருடம் பொறுமையாகக் காத்திருந்து, 2018 ஜனவரியில் மறுபடியும் முதல் கோல்கீப்பர் ஆனார். அந்த சீசன் சாம்பியன்ஸ் லீகில் இறுதி ஆட்டத்தையும் சேர்த்து அவர் ஆடியது 13 ஆட்டங்கள். அதில் 6 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. கீவுக்கு வந்தபோது அவர் தடுமாறிக்கொண்டிருந்த ஆள் இல்லை என்பதற்காக இந்த எண்ணைச் சொல்கிறேன். பிறகு எல்லாரும் "முன்பே தெரியும்" என்றார்கள். முன்பு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

62 வருடத்துக்கு முன் இன்னொரு ஜெர்மன்

கீவ் ஆட்டத்துக்குப் போகுமுன் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் ஆடிய ஜெர்மன் கோல்கீப்பர் என்றாலே அங்கே முதலில் வாயில் வரும் பெயர் பெர்ட் டிராட்மன். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படை வீரர். போர்க்கைதியாக இங்கிலாந்து வந்து, விடுதலையானதும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கி, 1949-ல் மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்தவர். எதிரி நாட்டுச் சிப்பாயை எடுக்கக் கூடாது என்று ஊரே திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தது. அதே ஊர் பிறகு அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

1956 மே 5, வெம்ப்லி, எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். முடிய 17 நிமிடம் இருக்கும்போது பர்மிங்ஹாம் சிட்டி வீரரின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தார். அந்த வீரரின் முட்டி டிராட்மனின் கழுத்தில் இடித்தது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அப்போது இங்கிலாந்தில் கிடையாது. தள்ளாடி எழுந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டே மிச்ச நேரத்தையும் ஆடினார். மான்செஸ்டர் சிட்டி 3-1 என்று ஜெயித்தது. சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், கழுத்தெலும்பு முறிந்திருந்தது. முறிந்த எலும்பை அடுத்த எலும்பு முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்ததால்தான் உயிர் பிழைத்தார்.

அது இன்றைக்கும் வீரக்கதை. டிராட்மனின் துணிச்சலைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கதையை அறுபது வருடம் கைதட்டிக் கேட்டு வளர்ந்த விளையாட்டு, அடிபட்ட கோல்கீப்பர் என்ன செய்ய வேண்டும் என்று தானாகவே ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது: எழுந்து நில், ஆடு. கீவில் அந்த இளைஞர் செய்ததும் அதுதான். டிராட்மன் அணி ஜெயித்தது, இவர் அணி தோற்றது.

முதல் பாதி

ஆட்டம் தொடங்கி 25 நிமிடம் போல் ஆனபோது, லிவர்பூலின் முக்கிய முன்கள வீரரும் மாட்ரிட் கேப்டனும் கைகோத்தபடி கீழே விழுந்தார்கள். லிவர்பூல்காரருக்குத் தோள்பட்டை போயிற்று. ஐந்து நிமிடம் முயன்று பார்த்துவிட்டு அழுதுகொண்டே வெளியேறினார். உலகக் கோப்பைக்கு மூன்று வாரம்கூட இல்லை. அந்தத் தோள்பட்டையைப் பற்றியே அரங்கமும் பெஞ்சும் டிவி முன் இருந்தவர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த மனநிலையும் முக்கியம். ஒரு காயம் எல்லார் கண்ணையும் இழுத்துவிட்டால், அடுத்த காயம் கண்ணில் படாமல் போகும்.

கோல்கீப்பர் முதல் பாதியில் நன்றாகவே ஆடினார். இடைவேளைக்குச் சற்று முன்பு, கிட்ட நின்று முட்டிய ஒரு ஹெட்டரைப் பாய்ந்து தடுத்தார். திரும்பி வந்த பந்தை மாட்ரிட் வீரர் உள்ளே தட்டினாலும் அது ஆஃப்சைடு, கோல் செல்லாது. 0-0.

49-வது நிமிடம்

இரண்டாம் பாதி தொடங்கி நாலு நிமிடத்துக்குள். லிவர்பூல் பெனால்டி பாக்ஸுக்குள் மாட்ரிட் கேப்டன் ஓடிவந்து கோல்கீப்பரை இடித்துக் கடந்து போனார். அவருடைய முழங்கை கோல்கீப்பரின் முகத்தில், தாடைப் பக்கமாகப் பட்டது. கோல்கீப்பர் விழுந்தார், எழுந்தார், ஃபவுல் என்று கையைக் காட்டினார். ரெஃப்ரி விசில் ஊதவில்லை. ஆட்டமும் நிற்கவில்லை. பந்து வேறு பக்கம் இருந்ததால் பெரும்பாலோர் இதைப் பார்க்கவேயில்லை. வீடியோ ரெஃப்ரி முறை அப்போது சாம்பியன்ஸ் லீகில் வந்திருக்கவில்லை.

வேண்டுமென்றே இடித்தாரா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. கோல்கீப்பரின் மூளைக்கு அந்தக் கேள்வியால் ஒரு வித்தியாசமும் இல்லை.

51-வது நிமிடம். பின்னிருந்து வந்த நீண்ட பாஸை முன்னேறி வந்து பத்திரமாகக் கையில் எடுத்தார். அதுவரை எல்லாம் சரி. பக்கவாட்டில் நின்ற தன் தடுப்பாட்டக்காரருக்குப் பந்தைக் கையால் உருட்டிவிடப் போனார். மாட்ரிட் முன்கள வீரர் ஒரு எட்டில் நிற்கிறார். ஒரு கோல்கீப்பர் தினமும் ஐம்பது தடவை செய்கிற வேலை இது: பந்து கையை விட்டுப் போவதற்கு முன் கண் ஒரு முறை குறுக்கே போகும், ஆள் இருந்தால் கை தானாக நின்றுவிடும். இங்கே கை நிற்கவில்லை. மாட்ரிட் வீரர் காலை நீட்டினார், பந்து அதில் பட்டு மெதுவாக உருண்டு காலி கோலுக்குள் போனது. அதன் பின்னால் ஓடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

55-வது நிமிடத்தில் கார்னரிலிருந்து லிவர்பூல் சமன் செய்தது. 60 தாண்டியதும் மாட்ரிட் இறக்கிய மாற்று ஆட்டக்காரர், வந்த இரண்டு மூன்று நிமிடத்தில் அந்தரத்தில் தலைகீழாகப் போய் ஒரு பைசிக்கிள் கிக் அடித்தார். அதை எந்தக் கோல்கீப்பரும் பிடித்திருக்க முடியாது. 83-வது நிமிடத்தில் அதே வீரர் சுமார் 30 மீட்டர் தூரத்திலிருந்து இடது காலால் அடித்தார். வேகம் இருந்தது, காற்றில் சற்று அலையவும் செய்தது. ஆனால் பந்து வந்தது கோல்கீப்பருக்கு நேராக. இரண்டு கையும் பந்தின் பின்னால் போயின, ஆனால் ஒரு நொடியில் சிறு பங்கு தாமதம். பந்து உள்ளங்கையில் மோதி, மேலாக எகிறி, வலைக்குள்.

பந்து எங்கே வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, எப்போது வந்து சேரும் என்பதில்தான் கணக்குப் பிசகியது. இந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மைதானத்தில் எடுத்த முடிவுகளும் எடுக்காத முடிவும்

ரெஃப்ரி நிறுத்தியிருக்கலாமா என்றால், விதி இடம் கொடுத்தது. 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் நடுக்கள வீரர் ஒருவருக்கு 17-வது நிமிடம் போல் முகத்தில் அடிபட்டது. மேலும் கால் மணி நேரம் ஆடினார். பிறகு ரெஃப்ரியிடமே போய் "இது இறுதி ஆட்டமா?" என்று கேட்டிருக்கிறார். ரெஃப்ரி சக வீரர்களிடம் சொல்லி அவரை வெளியே அனுப்ப வைத்தார். உலகமே பார்த்த சங்கடம் அது. அதற்கு இரண்டு மாதம் கழித்து ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் ஒரு விதி போட்டது: தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் ரெஃப்ரி ஆட்டத்தை மூன்று நிமிடம் வரை நிறுத்தலாம், அணி மருத்துவர் ஒப்புதல் தந்தால்தான் வீரர் தொடரலாம். கீவ் ஆட்டத்துக்கும் அந்த விதி பொருந்தும். ஆனால் அது வேலை செய்ய யாராவது அடியைப் பார்த்திருக்க வேண்டும். ரெஃப்ரி பார்த்திருந்தாலும் சாதாரண உரசல் என்றே எடுத்துக்கொண்டிருப்பார், ஏனென்றால் விழுந்தவர் தானே எழுந்துவிட்டார்.

கோல்கீப்பர் ஏன் சொல்லவில்லை என்று பலர் கேட்டார்கள். என்னைக் கேட்டால் இந்த நிகழ்வில் மிக அநியாயமான கேள்வி இதுதான். கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சியில் முதலில் கலங்குவதே தன் நிலையைத் தானே எடைபோடும் திறன். கணுக்கால் பிசகினால் கால் ஊன்ற முடியாது, ஆளுக்குத் தெரிந்துவிடும். தலை கலங்கினால், கலங்கியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதும் அதே தலைதான். போதாக்குறைக்கு 24 வயது, வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டம், ஒரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து மீட்ட இடம். "எனக்கு ஏதோ சரியில்லை, என்னை மாற்றுங்கள்" என்று அவர் வாயிலிருந்து வரும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

பெஞ்ச் என்ன செய்திருக்கலாம்? 51-வது நிமிட கோலுக்குப் பிறகு ஆட்டம் நடுவட்டத்திலிருந்து தொடங்குவதற்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அங்கேதான் ஒரு நல்ல வாய்ப்புப் போனது என்று நினைக்கிறேன். அந்தத் தவறு வழக்கமான தவறு இல்லை, கண்ணுக்கு முன் நிற்கிற ஆளைக் கணக்கில் எடுக்காத தவறு. தேர்ந்த கோல்கீப்பர் திடீரென்று அப்படி ஒன்றைச் செய்தால், "என்ன முட்டாள்தனம்" என்பதற்கு முன், "என்ன ஆயிற்று இவனுக்கு" என்ற கேள்வி வந்திருக்க வேண்டும். விநோதமான தவறும் ஒரு அறிகுறிதான். அன்று யாருக்கும் அது அறிகுறியாகத் தெரியவில்லை.

மாற்ற வழி இல்லாமலும் இல்லை. லிவர்பூலுக்கு மூன்று மாற்றுகள் இருந்தன. ஒன்று தோள்பட்டைக் காயத்தில் போனது, இன்னொன்று 83-வது நிமிடத்தில் நடுக்கள வீரருக்காகப் போனது. மூன்றாவதை ஆட்டம் முடியும்வரை தொடவேயில்லை. பெஞ்சில் அனுபவமுள்ள இன்னொரு கோல்கீப்பர் உட்கார்ந்திருந்தார். இதை எழுதுவது பயிற்சியாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை. மோதலையே பார்க்காதவர் எதை வைத்து முடிவெடுப்பார்? ஆனால் மாற்று இல்லாததால் அவர் தொடர்ந்தார் என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்காகப் பதிவு செய்கிறேன்.

இறுதி விசிலும் அடுத்த ஒன்பது நாளும்

ஆட்டம் முடிந்ததும் கோல்கீப்பர் தரையில் முகம் புதைத்துக் கிடந்தார். முதலில் வந்து தேற்றியவர்களில் எதிரணிக்காரர்களும் உண்டு. பிறகு எழுந்து, லிவர்பூல் ரசிகர்கள் நின்ற பக்கம் தனியாக நடந்து போய், கண்ணீரோடு இரண்டு கையையும் உயர்த்தி மன்னிப்புக் கேட்டார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போயிற்று. இரவோடு இரவாக சமூக ஊடகத்தில் கொலை மிரட்டல் வந்தது. லிவர்பூல் வட்டாரக் காவல்துறை அதைப் பற்றித் தனியாக அறிக்கை விடும் அளவுக்குப் போயிற்று. மறுநாள் அவர் எழுதிய குறிப்பில், தூங்கவே முடியவில்லை என்றும், அணியைக் கைவிட்டுவிட்டதாகவும் சொல்லியிருந்தார். அடிபட்டதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

சில நாள் கழித்து, ஜெர்மனியின் முன்னாள் கேப்டன் ஒருவர் லிவர்பூல் பயிற்சியாளருக்குப் போன் செய்து, "ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார், உன் கோல்கீப்பருக்குக் கன்கஷன்" என்ற விதமாகச் சொல்லியிருக்கிறார். இதைப் பயிற்சியாளரே பிறகு வெளிப்படையாகச் சொன்னார். அதுவரை தனக்கு அப்படித் தோன்றவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். எனக்கு அந்த நேர்மை பிடித்தது. நிபுணர்கள் நிறைந்த ஒரு பெரிய கிளப்பில், வெளியிலிருந்து வந்த ஒரு போன் இந்தக் கேள்வியை எழுப்பியது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மே 31 அன்று, ஆட்டம் முடிந்து ஐந்தாம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் அவரைப் பரிசோதித்தார்கள். ஜூன் 4 அன்று, அவருடைய சம்மதத்தோடு, முடிவை மருத்துவமனை வெளியிட்டது.

அறிக்கை சொன்னதும் சொல்லாததும்

ஆட்ட வீடியோ, அவர் சொன்ன விவரம், உடல் பரிசோதனை மூன்றையும் வைத்து மருத்துவர்கள் வந்த முடிவு: மே 26 ஆட்டத்தில் அவருக்குக் கன்கஷன் ஏற்பட்டது. பரிசோதனை நாளிலும் அறிகுறிகள் மிச்சமிருந்தன. அவற்றில் முக்கியமானது, கண் பார்ப்பதை இடத்தோடும் தூரத்தோடும் பொருத்திக் கணக்கிடும் திறனில் கோளாறு. அது அடிபட்ட உடனேயே தொடங்கியிருக்கக்கூடும் என்றும், ஆட்டத்தைப் பாதித்திருக்க வாய்ப்புண்டு என்றும் எழுதினார்கள். படிப்படியாகத் தேறிவருகிறார், முழுக்கக் குணமாவார் என்றும் சொன்னார்கள்.

கன்கஷன் பரிசோதனையில் பார்க்கும் 30 குறிகளில் 26 ஐந்து நாள் கழித்தும் அவரிடம் இருந்தன என்று பயிற்சியாளர் பிறகு சொன்னார்.

இனி மேலே குறித்து வைத்த இடத்துக்கு வருவோம். கோல்கீப்பர் என்றால் உயரம், துணிச்சல், பாய்ச்சல் என்று சொல்வார்கள். அதற்கெல்லாம் அடியில் இருப்பது கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஓயாமல் ஓடும் ஒரு கணக்கு. பந்து எவ்வளவு தூரம், எந்த வேகம், எந்த நொடியில் கை மூட வேண்டும். அடிபட்டது சரியாக அந்த இடத்தில். 83-வது நிமிடத்தில் கை போனது சரியான இடம், தவறான நேரம்.

அதே சமயம், அறிக்கை சொல்லாததையும் சொல்லிவிட வேண்டும். அடிபடாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு கோலும் விழுந்திராது என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. யாராலும் சொல்ல முடியாது. கன்கஷன் இல்லாத நாளிலும் அவர் தவறு செய்தவர்தான். ஆனால் மருத்துவ முடிவை ஊர் வாங்கிக்கொண்ட விதம் வேறு. "நிரூபிக்க முடியாது" என்பதை "பொய்" என்று மாற்றிவிட்டது. மாட்ரிட் கேப்டன் பேட்டியில் கேலி செய்தார், ரசிகர்கள் சிரித்தார்கள். பரிசோதனைக்கு முன்பே பழி முடிவாகிவிட்டது. பிறகு வந்த பரிசோதனை, பழியோடு மோதித் தோற்றது.

முடிவை வெளியிட்டது சரியா? நான் அதைச் சரி என்றே நினைக்கிறேன். மறைத்திருந்தால் அன்று அவருக்குக் கொஞ்சம் கேலி குறைந்திருக்கலாம். ஆனால் அவ்வளவு பேர் பார்த்த ஆட்டத்தில் தலைக்காயத்தை ஒருவரும் கவனிக்கவில்லை என்ற உண்மை வெளியே வந்திருக்காது.

கிளப் எடுத்த முடிவு

பயிற்சியாளர் ஆரம்பத்தில் அவர் பக்கமே நின்றார். அந்த அடி ஆட்டத்தை நூற்றுக்கு நூறு பாதித்தது என்று தான் நம்புவதாக ஜூலையில் சொன்னார். ஆனால் அதே ஜூலையில், பக்கத்து ஊர் அணியான டிரான்மியருடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஒரு ஃப்ரீ கிக் கையிலிருந்து நழுவி கோல் ஆனது. அது பயிற்சி ஆட்டம். வேறு யாருக்கு நடந்தாலும் அன்றோடு மறந்திருப்பார்கள். இவருக்கு நடந்ததால் செய்தியாயிற்று. ஜூலை 19 அன்று லிவர்பூல் ரோமா அணியிடமிருந்து பிரேசில் கோல்கீப்பரை வாங்கியது. கூடுதல் தொகையெல்லாம் சேர்ந்து 6 கோடியே 68 லட்சம் பவுண்டு வரை. ஒரு கோல்கீப்பருக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. மூன்று வாரத்தில் வேறொரு கிளப் அதைத் தாண்டியது.

கிளப்பின் நோக்கில் இதில் தவறு சொல்ல முடியாது. அடுத்த ஆண்டே, 2019 ஜூன் 1 அன்று, அந்தக் கோல்கீப்பரோடு அவர்கள் சாம்பியன்ஸ் லீகை வென்றார்கள். வருத்தம் எனக்கு வேறு இடத்தில். ஜூன் தொடக்கத்தில் கன்கஷன் என்று உறுதியான ஒருவர், ஜூலை 10-ல் காமிரா முன் கோலில் நிற்கிறார். மருத்துவ அனுமதியோடுதான் நின்றார் என்றே வைத்துக்கொள்வோம். தலை தேறியிருக்கலாம். மனம்? ஒவ்வொரு பந்துக்கும் அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற நிலையில், ஆறே வாரத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது அவசரம் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பின்

2018 ஆகஸ்டில், லிவர்பூல் ஒப்பந்தம் அப்படியே இருக்க, துருக்கியின் பெஷிக்டாஷ் அணிக்கு இரண்டு வருடம் இரவல் ஆட்டக்காரராகப் போனார். நல்ல ஆட்டமும் உண்டு, தவறுகளும் உண்டு. ஆனால் ஒவ்வொரு தவறுக்கும் கீவ் வீடியோ பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. சம்பள பாக்கி தகராறில் 2020 மே மாதம் அந்த இரவல் ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொண்டார். அடுத்து யூனியன் பெர்லினில் ஒரு சீசன், அங்கே இரண்டாவது கோல்கீப்பராகவே பெரும்பாலும் பெஞ்சில். 2021-22 முழுக்க லிவர்பூலில் பயிற்சி மட்டும். லிவர்பூல் ஒப்பந்தம் முடிந்ததும் விடுவித்தார்கள்.

2022 செப்டம்பரில் நியூகாசில் அவரைச் சேர்த்துக்கொண்டது, ஆள் பற்றாக்குறைக்காக. 2023 பிப்ரவரியில் அவர்கள் லீக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். முதல் கோல்கீப்பருக்கு சிவப்பு அட்டைத் தடை. இரண்டாமவர் அதே கோப்பையில் எதிரணிக்காகவே ஏற்கெனவே ஆடியிருந்ததால் விதிப்படி ஆட முடியாது. இரண்டு வருடமாகப் போட்டி ஆட்டம் ஒன்றும் ஆடாதவர், பிப்ரவரி 26 அன்று வெம்ப்லியில் மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு எதிராகக் கோலில் நின்றார். டிராட்மன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே வெம்ப்லி, புதிய கட்டடம். நியூகாசில் 2-0 என்று தோற்றது. இரண்டு கோலுக்கும் அவர்மேல் யாரும் விரல் நீட்டவில்லை. நல்ல தடுப்புகள் பல செய்தார். அன்று இரவு அவர் பெயர் பழியோடு செய்தியில் வரவில்லை. அந்த அமைதி அவருக்கு எவ்வளவு நிம்மதி தந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

2025 ஜனவரியில் ஜெர்மனிக்கே திரும்பி, இரண்டாம் புண்டஸ்லிகாவில் இருந்த ஷால்கே அணியில் சேர்ந்தார்.

விதிகளில் வந்த மாற்றம்

2020 டிசம்பரில் கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம், கன்கஷனுக்கென்று கூடுதல் மாற்று ஆட்டக்காரரை இறக்கிச் சோதித்துப் பார்க்க அனுமதி தந்தது. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தில் அது நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலையிலிருந்து விதிப் புத்தகத்திலேயே இடம்பெற்றுவிட்டது. 2021-ல் நடந்த யூரோ போட்டிக்கு வந்த அணிகளிடம் ஐரோப்பியச் சங்கம் ஒரு கன்கஷன் சாசனத்தில் கையெழுத்து வாங்கியது. கோட்டுக்கு வெளியே மருத்துவக் குழு டிவி திரையில் மோதலை மறுபடி பார்ப்பதும் அதில் அடக்கம். கீவில் தேவைப்பட்டது சரியாக அந்தத் திரைதான்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில் பவுன்சர் பட்டு விழுந்தார். வெளியே போய்ப் பரிசோதனை முடித்து, அன்றே திரும்பி வந்து பேட் செய்தார். அறிகுறி மறுநாள்தான் தலைகாட்டியது. உடனே சக ஆஸ்திரேலிய வீரர் லபுஷேன் கன்கஷன் மாற்றாக இறங்கினார். முதல் பரிசோதனையில் தேறியவருக்கும் பிறகு அறிகுறி வரலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ரக்பியில் சந்தேகத்துக்குரியவரை 12 நிமிடம் வெளியே வைத்துப் பார்க்கிறார்கள், அந்த நேரத்துக்குத் தற்காலிகமாக வேறொருவர் ஆடுவார். கால்பந்தில் தற்காலிக மாற்று இன்னும் கிடையாது. வெளியே போனால் போனதுதான். அதனால் மருத்துவர்மீது "சீக்கிரம் சொல்லுங்கள்" என்ற நெருக்கடி குறையவில்லை. வீரர்கள் சங்கங்கள் தற்காலிக மாற்றைக் கேட்டுவருகின்றன. அவர்கள் கேட்பது நியாயம்.

அந்த நிமிடத்தில் என்ன மாறியிருக்கலாம்

விதி கொடுத்த நிறுத்தம் மூன்று நிமிடம். மோதலுக்கும் முதல் கோலுக்கும் நடுவே இருந்தது இரண்டு நிமிடம். நிறுத்தியிருந்தால், அந்தப் பந்தை உருட்டிவிட வேண்டிய நேரத்தில் அவர் மருத்துவர் முன் உட்கார்ந்திருப்பார்.

மருத்துவர் அங்கே கேட்கும் கேள்விகள் ரொம்ப எளிமையானவை. மைதான ஓரத்தில் பல விளையாட்டுகளில் ஒரே மாதிரி கேட்கிறார்கள். சரியாகப் பதில் சொன்னாலும் கன்கஷன் இல்லை என்று ஆகிவிடாது. சரியாகச் சொல்லாவிட்டால் ஆட்டம் அவருக்கு அங்கேயே முடிந்தது. 49-வது நிமிடத்தில் அவரிடம் கேட்டிருந்தால் சரியான பதில்கள் இவை.

இது எந்த மைதானம்? கீவ், ஒலிம்பிக் மைதானம்.

இப்போது எந்தப் பாதி? இரண்டாவது.

போன ஆட்டம் யாரோடு? பிரைட்டன்.

ஜெயித்தீர்களா? 4-0.

இன்று கடைசியாக கோல் போட்டது யார்? இன்னும் யாரும் போடவில்லை.